உன் பெல்ட்டில் ஆறாவது ஓட்டை

இன்று காலை தகரப் பெட்டியைத் திறந்தபோது உன் வாட்ச்மேன் பெல்ட் கையில் பட்டது. வியர்வை நாற்றம் இன்னும் போகவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். ஆனால் அந்த ஐந்து ஓட்டைகளைத் தடவினால் எதை எப்போது போட்டேன் என்று சொல்லிவிடுவேன். ஆணியைக் காய்ச்சிப் போட்டவன் நான்தானே. உன் வயிறு பெருக்கப் பெருக்க ஒவ்வொன்றும் நுனியை நோக்கித் தள்ளிப் போயிற்று.

படூரில் கூட்டாளிகள் நாம் இருவரும் வரப்பு ஓரம் செதுக்கி அண்டை வெட்டிய வயலின் மேல் அடுக்குமாடி வந்தது. அதன் கேட்டிலேயே வாட்ச்மேன்களாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மாடியில் பிறந்தநாள் என்றால் மீந்த கேக்கும் பிரியாணியும் நமக்கு. உனக்குச் சர்க்கரை என்று சொன்ன நர்சம்மா, நடந்து உடம்பைக் குறைக்கச் சொன்னாள். நீ வெளியே வந்து சிரித்தாய்: "பன்னெண்டு மணி நேரம் உக்காரத்தான் மச்சான் சம்பளம். எங்க நடக்கறது?"

நான் விடவில்லை. கோபம் வந்துவிட்டது உனக்கு. "நம்ம அப்பனுங்க எலும்பும் தோலுமா செத்தானுங்க. எனக்கு வயிறு வந்தா உனுக்கு இன்னாடா எரியுது?"

உன் மகளின் நிச்சயத்தில் சம்பந்தி கேட்டார்: "பொண்ணு வூட்ல யாருக்காச்சும் சக்கர கீதா?" நீ இலையைப் பார்த்தாய். நான் முந்திக்கொண்டேன்: "இவனுக்கா? கல்லைத் துன்னாலும் கரைச்சிடுவான்!" எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது லட்டு உன் இலையில் விழுந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே தின்றாய்.

மாப்பிள்ளை கண்ணில் படக் கூடாதென்று மாத்திரையை என் வீட்டு அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தாய். பிறகு உனக்குப் பகல் டியூட்டி, எனக்கு இரவு. நீ வேலை முடிந்து வரும் நேரத்தில் என் வீடு பூட்டியே கிடந்தது. எத்தனை நாள் வந்து திரும்பிப் போனாயோ. பூட்ஸ் கடித்த புண் உனக்கு வலிக்கவே இல்லை. முதலில் கால் போயிற்று. பிறகு நீ.

நேற்று, இதை எழுதுகிற என் பேத்தியைப் பெண் பார்க்க மாமல்லபுரத்திலிருந்து வந்தார்கள். பையனின் அம்மா அதே கேள்வியைக் கேட்டாள். என் மகன் என் காலை மிதித்தான். லட்டைத் தின்றபடி நீ பார்த்த அந்தப் பார்வை என் முன்னால் வந்து நின்றது.

"எனக்குக் கீதும்மா," என்றேன். "ரொம்ப வருசமா மாத்திர போட்டுகினு கீறேன்."

அவள் காபியைக் கீழே வைத்தாள். "போயி போன் பண்றோம்," என்றாள். அதற்குப் பிறகு என் மகன் என்னோடு பேசவில்லை.

இந்த இடத்தில் பேத்தியின் பேனா நின்றுவிட்டது. "இதையும் எழுதணுமா தாத்தா?"

"எழுதும்மா."

எழுதிவிட்டாள். போன் இன்னும் வரவில்லை. அவள் கண் அதன் மேலேயே இருக்கிறது.

காலையில் ஆணியைக் காய்ச்சினேன். உன் பெல்ட்டில் ஆறாவது ஓட்டை போட்டேன், இந்த முறை பக்கிள் பக்கமாக. இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் மாத்திரை டப்பா நடு வீட்டில், டிவி மேல், வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்கிறது.