செல்வியைத் தாண்டிய தட்டு

ஜூலை, முதல் ஞாயிறு

வெளியே சாரல் விடவில்லை. எனக்குத் தூக்கமும் வரவில்லை.

இன்று சபையில் மாதாந்தரத் திருவிருந்து, ஆண்டவரின் நினைவாக அப்பம் பகிரும் நாள். போதகரான என் வீட்டுக்காரர் அப்பத் தட்டோடு வரிசையாக வந்தார். ஐந்தருவியில் பழக்கடை போட்டிருக்கும் செல்வி கையை நீட்டினாள். இவர் அவள் கழுத்தைப் பார்த்தார். தட்டு அவளைத் தாண்டி என்னிடம் வந்தது. நானும் எடுத்துத் தின்றேன்.

நகை போட்டவர்களுக்குத் திருவிருந்து கிடையாது என்பது எங்கள் சபைச் சட்டம். ஞானஸ்நானத்தின்போதே அவள் கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றிவிட்டாள். தாலி மட்டும் இருக்கிறது. புருஷன் கோயிலுக்குப் போகிறவன்.

ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தாள். "பாஸ்டரம்மா, சீசன் நேரத்துலயும் அவரு கடையப் பாத்துக்கிட்டு என்னய இங்கன அனுப்புதாரு. இதக் கழத்தி அவரு கையில எப்படிக் குடுப்பேன்?"

"ஜெபம் பண்ணுவோம்" என்றேன்.

மத்தியானம் இவர் மீந்த அப்பத்தைப் பிய்த்துப் புறவாசலில் கோழிகளுக்குப் போட்டார். எப்போதும் போடுவதுதான். இன்று என்னால் பார்க்க முடியவில்லை.

"செல்விக்கு ஒரு துண்டு குடுத்திருக்கலாம்லா?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"கோழிக்கு?"

கை கழுவப் போய்விட்டார்.

அடுத்த மாதத்துக்கும் அப்பம் சுடப்போவது நான்தான். ஒன்றை முந்தானையில் முடிந்து ஐந்தருவிக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தால் ஆண்டவர் கோபப்படுவாரா, தெரியவில்லை. இவர் கோபப்படுவார்.