தூக்கம் பற்றிய கேள்வி

கல்பாக்கம்,
12.8.2005

அன்புள்ள லோகநாயகிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

மியூச்சுவல் ஃபண்டு ஏஜெண்டு கங்காதரன் ஒரு படிவம் தந்தார். நஷ்டத்தை எவ்வளவு தாங்குவோம் என்று பார்த்து, நாம் வீடு வாங்கச் சேர்க்கும் பணத்தைப் பங்குக்கும் கடன் பத்திரத்துக்கும் பிரிப்பாராம். வேடிக்கையான கேள்விகள். "இரவில் நிம்மதியாகத் தூங்குகிறீர்களா?" என்று ஒன்று. இல்லை என்று எழுதினேன்.

"இன்னா சார், இப்டி பயந்துகினு கீறீங்க? உங்களுக்குப் பங்கு பத்து பர்சென்டே ஜாஸ்தி," என்றார்.

பங்குச் சந்தை விழுந்தால் தூக்கம் கெடுமா என்ற கேள்வியாம் அது. எனக்குச் சந்தை பயமே இல்லை. ஆனாலும் பதிலைத் திருத்தவில்லை. வேறென்ன காரணம் என்று கேட்பாரே.

அடுத்த ஞாயிறு ஊரிலிருந்து இங்கே வரும் உன் தம்பி எழிலிடம் உன் பழைய சேலைப் போர்வையைக் கொடுத்தனுப்பு. ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. போர்வையைத் துவைக்க வேண்டாம்.

உன்,
சதாசிவம்