மிலூதின் சிவப்புக் கிதார்

ஓரான், சிதி எல் ஹூவாரி
3 ஏப்ரல் 2000

அன்புள்ள சுபைர் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மொக்தாரியா எழுதுகிறேன். பெருநாளைக்குப் பெருநாள் உங்களிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. அதிலும் பாதி மழை, பாதி காற்று. மார்செய்யில் தபால் தலைக்கு அவ்வளவு பஞ்சமா, அல்லது எங்களிடம் பேசத்தான் பஞ்சமா?

இக்ராமுக்கு மேல்பல் இரண்டும் விழுந்துவிட்டன. மாமாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறும்போதெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். மதீனா ஜதீதா சந்தையில் பழைய சாமான் விற்கும் கத்தூர் கடையில் ஒரு சிவப்பு எலக்ட்ரிக் கிதார் தொங்குகிறது. கடைக்குள் போய்க் கிட்ட நின்று பார்த்தேன். அதே சிவப்பு, அதே வெள்ளைத் தகடு. மஸ்கரா பக்கம் ஒரு பாழடைந்த பண்ணையின் வைக்கோல் பரணில் கிடந்ததாம். எந்தப் பண்ணை என்று கேட்டேன். போன வருடம் கிணற்றிலிருந்து ஏழு பேரை எடுத்தார்களே, அதே பண்ணை. முகம் தெரியாததால் ஊர்க்காரர்களே பெயரில்லாமல் அடக்கம் செய்தார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இக்ராமின் வாப்பா மிலூத் ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டு அந்தச் சாலையில்தான் திரும்பினார். வண்டியை மறித்தது அசல் சோதனைச் சாவடியா, ராணுவ உடுப்பு மாட்டிக்கொண்ட கொலைகாரர்களா என்று இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அசல் சாவடி என்றால் எங்காவது ஒரு சிறையில் இருப்பார் என்றுதான் நான் இன்னும் சோறு தின்கிறேன்.

மாமா சொல்கிறார், "அது என் மவன் கிதார்தான்னா உடம்பு இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுதுடுவோம்மா. நீயும் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து துக்கத்தை முடிச்சிடு. இன்னும் எத்தனை வருஷம் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே?" சரி என்றேன். ஆனால் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்றேன்.

மிலூதுடையது அசல் அமெரிக்கக் கிதார். அலிகாந்தே கப்பல்காரனிடம் வாங்கும்போது திருப்பிப் புரட்டிப் பார்த்துச் சொன்னதே நீங்கள்தான். இந்த ஊரில் மற்ற சிவப்புக் கிதார் எல்லாம் போலி. அப்படியானால் இது போலி என்று தெரிந்தால் போதும், அவருடையது இல்லை. எப்படிப் பார்ப்பது? நான் அதைத் தூசி தட்டியிருக்கிறேனே தவிர வேறொன்றும் அறியேன். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
மொக்தாரியா


மார்செய்
21 ஏப்ரல் 2000

தங்கச்சி மொக்தாரியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. தாமதத்துக்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

திறக்காமலே கத்தூரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாலும் தப்பில்லை. கேட்க மாட்டாய், தெரியும். அதனால் எழுதுகிறேன்.

தலைப்பகுதியில் கம்பெனிப் பெயரை நகத்தால் தடவிப் பார். அசலில் பெயர் பூச்சுக்கு அடியில் இருக்கும், நகத்தில் தட்டாது. பிறகு கம்பிகளைத் தளர்த்து. முதுகுப் பக்கம் ஒரு தகடும் நான்கு திருகும் இருக்கும். அவற்றைக் கழற்றினால் கழுத்து தனியே வந்துவிடும். பயப்படாதே, உடையாது. கழுத்தின் அடிக்கட்டையில் அசல் என்றால் தேதி முத்திரை இருக்கும். அது உட்காரும் குழியில் இடைவெளி இருக்கக் கூடாது. கடைசியாக வெள்ளைத் தகட்டைத் தூக்கி உள்ளே ஒயரைப் பார். அசலில் துணி சுற்றியிருக்கும். போலியில் மெல்லிய பிளாஸ்டிக்.

எது கண்ணில் பட்டாலும், அற்பமாகத் தெரிந்தாலும், ஒன்று விடாமல் எழுது. அது அசலாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

இக்ராமுக்கு என் முத்தம்.

சுபைர்


ஓரான்
8 மே 2000

என் அருமை சுபைர் அண்ணனுக்கு,

முதலில் வாயை இனிப்பாக்கிக்கொள்ளுங்கள். போலி! அல்ஹம்துலில்லாஹ், தலை முதல் கால் வரை போலி!

அசலாக இருக்கட்டும் என்றா துஆ செய்தீர்கள்? உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? அது அசலாக இருந்தால் நான் ஒப்பாரியல்லவா வைக்க வேண்டும்? எழுதும் அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டீர்கள் என்று மாமாவிடம் சொல்லிச் சமாளித்தேன்.

கத்தூர் லேசில் தரவில்லை. "ஏம்மா, கிதார் வாங்க வந்தியா, அதுக்குப் பொண்ணு பாக்க வந்தியா? அரை மணி நேரமாத் தடவிக்கிட்டே இருக்கே!" என்று கடைத்தெருவே கேட்கக் கத்தினான். என் அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தான்.

மாமா தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். நான் சமையலறை மேசையில் போர்வை விரித்துத் திருகைக் கழற்றினேன். இரண்டு முறை திருகு தரையில் விழுந்தது. பெயர் வெறும் ஒட்டுத்தாள், நகத்தில் உரிந்து வந்தது. கட்டையில் தேதியும் இல்லை ஒன்றும் இல்லை. ஒயர் எல்லாம் பிளாஸ்டிக். குழியோ அகலம்! கழுத்து ஆடாமல் இருக்க எவனோ ஒரு கால்பந்து டிக்கெட்டை மூன்றாக மடித்து அடியில் சொருகியிருக்கிறான். நம் ஊர் மைதானத்து டிக்கெட், வடக்கு வாசல். எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ. நீங்களும் சிரிக்கட்டுமே என்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

மாமா தஸ்பீஹைக் கீழே வைத்தார். எழுந்து ஒளூ செய்து இரண்டு ரக்அத் தொழுதார். அதன் பிறகு அழுதார். கிதாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் பாதாம் இனிப்பு வாங்கிப் படிக்கட்டு வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன். இக்ராமிடமும் வாய் நிற்காமல் சொல்லிவிட்டேன், உன் வாப்பா வருவார் என்று. அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

சந்தோஷமாக இருக்கிறேன் அண்ணா. நீங்களும் இருங்கள்.

மொக்தாரியா


மார்செய்
2 ஜூன் 2000

மொக்தாரியா,

இந்தக் கடிதத்தை மாமா பக்கத்தில் இருக்கும்போது படி. இக்ராம் இருக்க வேண்டாம்.

அந்த டிக்கெட் என்னுடையது. 1993 மார்ச்சில் மிலூதும் நானும் சேர்ந்து போன ஆட்டம் அது. மழையில் நனைந்து, தோற்று, திரும்பினோம். மிலூத் வழியெல்லாம் கோல்கீப்பரை ஏசிக்கொண்டே வந்தான். மறுநாள் அதை மடித்து அந்தக் கழுத்துக்கு அடியில் வைத்தவன் நான்தான்.

அந்த வாரம் அவன் கிதார் என் பட்டறையில் இருந்தது. தலையில் ஒரு சின்ன விரிசல், ஒட்டித் தரச் சொல்லியிருந்தான். அதே சிவப்பில் ஒரு போலியும் என்னிடம் இருந்தது. நான் ஊரை விட்டுக் கிளம்பத் தீர்மானித்திருந்தேன். நல்ல கிதார் இல்லாமல் இங்கே எந்தக் குழுவும் சேர்க்காது என்று சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போலியின் விளிம்பை உரசி, வியர்வைக் கறை பிடித்த மாதிரி செய்து அவனிடம் கொடுத்தேன். அவன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ தொட்டதுக்கு அப்புறம் நான் என்னடா பாக்கறது?" என்று தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

அவன் கடைசியாகக் கொண்டுபோனது அந்தப் போலியைத்தான். அதனால்தான் அசலாக இருக்கட்டும் என்று துஆ செய்தேன். அசல் இதோ, எழுதும் இந்த அறையில் என் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது.

எழுதாமல் விட்டிருக்கலாம். நீ சந்தோஷமாக இருந்திருப்பாய். நான்கு நாள் அந்த டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே.

கிதாரை அனுப்பி வைக்கிறேன். அது இக்ராமுடையது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

சுபைர்


ஓரான்
19 ஜூன் 2000

சுபைருக்கு,

படித்தேன். மாமாவும் படித்தார். அவர் உங்களைச் சபிக்கவில்லை. நான் சபித்தேன், தெருவுக்கே கேட்டிருக்கும்.

உங்களுக்கு ஒன்று தெரியாது. அந்தப் பட்டறையிலிருந்து வந்த பிறகு கிதாரின் குரல் சரியில்லை என்று மிலூத் சொல்லிக்கொண்டே இருந்தார். "சுபைர் கையிலயா தப்பு நடக்கும்? உங்க விரல்தான் சோம்பேறியாயிடுச்சு" என்று சொன்னது நான். அவர் அதை நம்பினார். பொழுது விடிந்ததும் உட்கார்ந்து பழகுவார், விரல் நுனியில் ரத்தம் கட்டும் வரை. பாதிப் பாட்டிலேயே சுதி இறங்கிவிடுகிறது என்று ஓரான் குழுவில் அவரை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் மஸ்கரா சாலைக் கல்யாணங்களை ஒப்புக்கொண்டார். கடைசி வரை தன் கைதான் கெட்டுப்போனது என்று நினைத்துக்கொண்டே போனார். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா நடந்தது. மறுநாள் மாமாவும் நானும் அந்தப் பண்ணைப் பக்கம் போனோம். ஏழு மேடு இருக்கிறது, ஒன்றிலும் பெயர் இல்லை. எது அவர் என்று தெரியாமல் ஏழுக்கும் ஃபாத்திஹா ஓதினேன். இக்ராம் ஏழிலும் தண்ணீர் தெளித்தாள். பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்று கேட்டாள். உண்மையைச் சொல் என்றேன். இறந்த நாள் தெரியாததால் ஜனாஸா தொழுத நாளிலிருந்து எண்ணச் சொன்னார் இமாம். இத்தா இருக்கிறேன்.

ஆறு வருடமாக எத்தனையோ அலுவலகப் படி ஏறினேன். ஒருவரும் எனக்கு ஒரு பதில் சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அசலை அனுப்ப வேண்டாம். கத்தூரிடம் போய் அந்தப் போலியையே வாங்கி வந்துவிட்டேன். கடைசி ஒரு வருடம் அவர் வியர்வை பட்டது இதில்தான். கழுத்தைப் பூட்டிவிட்டேன், ஆனால் ஆடுகிறது.

அந்த டிக்கெட்டை மட்டும் ஓர் உறையில் போட்டு அனுப்புங்கள். கூடவே கடிதம் எதுவும் வேண்டாம்.

மொக்தாரியா