பத்திரமா இருக்கட்டும்

ஜனவரி 12, திங்கள்

மார்க்கர் காய்ந்துவிட்டது. புதிது வேண்டுமென்றால் பழையதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது எங்கள் ஆங்கிலப் பயிற்சி மையத்தின் சட்டம். காட்டினேன். அலுவலகத்து அம்மா ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் லேசா எழுதுதே டீச்சர்" என்றார். ஐந்து வருடமாக இங்கே நானும் லேசாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மதியம் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள்! எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் ஆங்கிலம். ஏப்ரலில் சேர வேண்டும். சம்பளம் பெரிதாகக் கூடவில்லை, போகட்டும். குடும்ப விசா தருகிறார்கள். ஆசிரியர் பிள்ளைக்கு அங்கேயே இடமும் தருகிறார்கள். பயிற்சி மையத்தில் அந்தப் பேச்சே கிடையாது. இங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் வானத்திலிருந்து குதித்தவர்கள் என்று நினைப்பு.

பாத்ரூமுக்குள் நின்று இன்னொரு தடவை படித்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனேன்.

ஜனவரி 13, செவ்வாய்

ஊரில் இருக்கிற இவருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

"லைன் கட்டாயிடுச்சா?"

"இல்ல, இருக்கேன். குக்கர் கத்துது, அணைச்சுட்டு வரேன்."

குக்கர் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினார். வெங்காயம் நறுக்கினாராம். சரி, வெங்காயமே இருக்கட்டும்.

பாப்பா ஃபோனைப் பிடுங்கி, "எனக்குத் தனி ரூம் உண்டாம்மா?" என்றாள். பதினாலு வயதாகிறது, பாப்பா என்று கூப்பிட்டால் முகம் சுருங்கும். இங்கே மொத்த வீடே ஒரு ரூம்தான் என்பதை மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 20, செவ்வாய்

ராஜினாமா கொடுத்தேன். ஒப்பந்தப்படி இரண்டு மாத நோட்டீஸ். மார்ச் இருபதோடு கணக்கு முடிகிறது.

மேனேஜரும் தமிழ்தான். படித்துப் பார்த்துவிட்டுக் கடிதத்தை மேசைமேல் வைத்து, அதன்மேல் தன் டீ கப்பை வைத்தார்.

"என்ன மேடம் இது? நாம எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துல யாராவது ராஜினாமா பண்ணுவாங்களா?"

என் குடும்பம் கடல் தாண்டி இருக்கிறது, அதனிடம் போகத்தான் இந்தக் கடிதம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

விசா மாற்ற பாஸ்போர்ட் வேண்டும் என்றேன். அவர் முதுகுக்குப் பின்னால் பீரோ மேல் பச்சை இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. வேலைக்கு வந்த அன்றே எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அதற்குள் போய்விடும். ஊருக்குப் போகும்போது அவர் பார்த்துக் கொடுப்பார், திரும்பி வந்ததும் வாங்கிப் பூட்டுவார். அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"அதுக்கு என்ன அவசரம்? எங்ககிட்ட பத்திரமா இருக்கட்டும். பரீட்சை சீசன் முடியட்டும், உக்காந்து பேசுவோம்."

புதுப் பள்ளியில் பிப்ரவரி கடைசிக்குள் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். தவறினால் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் அடுத்தவருக்கு வேலை போய்விடும்.

ஜனவரி 29, வியாழன்

மறுபடி கேட்டேன். மறுபடி குடும்பம்.

பிப்ரவரி 4, புதன்

மாலை வகுப்பில் இன்று பதினோராம் பாடம்: வேலையிடத்தில் குறை சொல்வது. ஒருவர் முதலாளி, ஒருவர் தொழிலாளி என்று நடித்துப் பேசிப் பழக வேண்டும். எல்லாரும் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் படிக்க வருகிறவர்கள். தொழிலாளியாக நடிக்க யாரும் கையைத் தூக்கவில்லை. அதைத்தான் பகல் முழுக்கச் செய்கிறார்களே. முதலாளி வேடத்துக்குத்தான் முண்டியடித்தார்கள்.

முதலில் நர்ஸ். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, ஒரு புருவத்தைத் தூக்கி, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். வகுப்பே சிரித்தது. அடுத்து ஓட்டல் வரவேற்பில் நிற்பவர். அவரும் குடும்பத்தில்தான் தொடங்கினார். மருந்துக்கடைக்காரர் குடும்பத்தோடு, "இந்த மாசம் போகட்டும்" என்பதையும் சேர்த்துக்கொண்டார். இந்த வசனம் பாடப் புத்தகத்தில் இல்லை. நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நாங்கள் எல்லாரும் ஒரே முதலாளியிடம் வேலை பார்க்கிற மாதிரி இருந்தது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம் நர்ஸ் தொழிலாளியாக வந்தார். தயங்காமல், நேராகப் பார்த்துச் சொன்னார்: எனக்கு என் சொந்தக் குடும்பம் இருக்கிறது சார், என் பொருளைக் கொடுங்கள்.

இதில் திருத்த எதுவும் இல்லை, உட்காருங்கள் என்றேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

இந்தப் பாடத்தை எத்தனை பேட்ச்சுக்கு எடுத்திருப்பேன்? ஒரு தடவையாவது இந்த வாயால் அதை வகுப்புக்கு வெளியே சொல்லியிருக்கிறேனா?

பிப்ரவரி 5, வியாழன்

சுற்றறிக்கை: இனிமேல் பதினோராம் பாடத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் பாடத்துக்குப் போகவும். பன்னிரண்டாம் பாடம் வானிலை.

பிப்ரவரி 9, திங்கள்

காலை வகுப்பு இல்லை. தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன், பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத கடிகாரம். எனக்கு வாய்த்த அதிகாரி ஒரு பெண்மணி. கடுமையான ஜலதோஷம், மேசையில் ஃபைலைவிட டிஷ்யூ அதிகம். நான் கதையை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நோட்டீஸ் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"அப்புறம் அவர் சம்மதம் எதுக்கு? நீங்க போறேன்னு சொல்லியாச்சு, அவ்வளவுதான். பாஸ்போர்ட் உங்களோடது. அதை வாங்கி வச்சுக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது."

அவர் பேசியது ஆங்கிலம். எனக்குத் தமிழில்தான் இறங்கியது. இத்தனை சுலபமாகவா?

சுலபமில்லை. புகாரில் கையெழுத்துப் போட வேண்டும், மேனேஜரை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். கையெழுத்துப் போடவில்லை. பையில் இருக்கிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

அடுத்த மேசைக்காரியிடம் சொன்னேன். என்னைவிட சின்னவள், அக்கா அக்கா என்று சுற்றி வருவாள், என் மார்க்கரை எடுத்துக்கொண்டு திருப்பித் தரமாட்டாள். கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"வேணாங்க்கா. நீங்க போயிடுவீங்க. கோவத்த எல்லாம் எங்க மேலதான் காட்டுவார். எனக்கு வேற வேல எதுவும் கையில இல்ல."

பிறகு மெதுவாக, "அப்பாவுக்கு ஆபரேஷன் ஆயிருக்குக்கா. ஒரு வாரம் போயிட்டு வரேன்னு பாஸ்போர்ட் கேட்டேன். சீசன் முடியட்டும்னுட்டார்" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? சரி சார்னேன்."

இரண்டு பேரும் டீயைக் குடித்தோம். நான் போய்விடுவேன் என்பது உண்மைதான்.

பிப்ரவரி 12, வியாழன்

இவர் ஒரு காரியம் செய்திருக்கிறார். பாப்பா பள்ளிக்கூடத்தில் டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். அடுத்த வருடத்துக்கு அவள் இடத்தை வேறு பிள்ளைக்கு ஒதுக்கியும் விட்டார்களாம். "நீ எப்படியும் வாங்கிடுவேன்னு நெனச்சேன்" என்கிறார் சாவகாசமாக.

எனக்கு வந்த கோபத்துக்கு... ஒரு வார்த்த என்கிட்ட கேக்க வேணாமா? இங்க நான் ஒருத்தர் கால்ல விழாத குறையா நின்னுட்டு இருக்கேன், அங்க இவர் பாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டு வராரு. வேல போச்சுன்னா புள்ளய எந்த ஸ்கூல்ல கொண்டுபோய்ச் சேக்கிறது?

திட்டித் தீர்த்தேன். ஃபோன் பாப்பா கைக்கு மாறியது.

"ஏம்மா, டி.சி. கேட்டா ஸ்கூல்ல உடனே எழுதிக்கிட்டாங்க. உன்னோடத மட்டும் ஏன் தர மாட்டேங்கறாங்க? நீ சரியாக் கேட்டியா?"

நல்லா கேட்டாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். முன்னதாக அடுத்த மேசைக்காரியிடம் போய்ச் சொன்னேன். அவள் தலையாட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நோட்டுத் திருத்திக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 19, வியாழன்

விசாரணைக் கடிதம் மையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிகிறது. என் அட்டவணை தலைகீழாகிவிட்டது: காலையில் முதல் வகுப்பு, மாலையில் கடைசி வகுப்பு, நடுவில் பகல் முழுக்கச் சும்மா உட்கார வேண்டும், கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. மேனேஜர் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிறார். மற்ற ஆசிரியர்களைக் கூட்டி வைத்து, ஒருத்தர் பண்ணும் துரோகத்தால் எல்லாருக்கும் கஷ்டம் என்றாராம். பேர் சொல்லவில்லையாம். பெருந்தன்மை.

அடுத்த மேசைக்காரி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். மார்க்கர் மட்டும் என் மேசைக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதுதான் வலிக்கிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

விசாரணை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், பிறகு நானே நம்பமாட்டேன்.

மேனேஜர் வரவில்லை. வெளியூரில் அவசர வேலையாம். அதிகாரி ஸ்பீக்கரில் ஃபோன் போட்டார். ஜலதோஷம் இன்னும் போகவில்லை. மேனேஜர், "மேடம், இது குடும்ப விஷயம் மாதிரி, நாங்களே பேசித் தீத்துக்குவோம்" என்று ஆரம்பித்தார். எனக்கு மாலை வகுப்பு நினைவு வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. பயத்திலும் சிரிப்பு வரும் போல.

அதிகாரி சிரிக்கவில்லை. "அவங்க பாஸ்போர்ட் மத்தியானத்துக்குள்ள இங்க வரணும். வரலைன்னா நாங்க அங்க வருவோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

காத்திருந்தேன். மதியம் ஆவதற்குள் கதவு திறந்தது. எங்கள் மைய வேன் டிரைவர். காலையும் மாலையும் எங்களை ஏற்றி இறக்குகிறவர். அவர் பாஸ்போர்ட்டும் எங்களுடையதைப் போலத்தான் பெட்டிக்குள் கிடக்கிறது. தோளில் பச்சை இரும்புப் பெட்டி. சுண்டுவிரலில் சாவி. அப்படியே கொண்டுவந்து அதிகாரி மேசைமேல் இறக்கினார், டிஷ்யூ டப்பா கீழே விழுந்தது.

"இவங்களோடத மட்டும்தானே கேட்டேன்?"

டிரைவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "சார் ஃபோன்ல எடுத்துட்டுப் போன்னாரு. எது இவங்களோடதுன்னு தெரியல. அதான் மொத்தமாத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"உள்ள ஃபோட்டோ இருக்குமே?"

"கண்ணாடி கொண்டு வரல மேடம்."

"கண்ணாடி இல்லாமலா வண்டி ஓட்டிட்டு வந்தீங்க?"

டிரைவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஐந்து வருடமாக அந்த வேனில் போகிறேன். தெருக்கோடியில் குறுக்கே புகுந்தவனின் வண்டி நம்பரைப் படித்துச் சொல்லித் திட்டுகிற மனிதர். கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை.

அதிகாரி மூக்கைச் சிந்தினார். ரொம்ப நேரம் சிந்தினார். பிறகு பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக அடுக்கினார். எங்கள் மையத்து ஆசிரியர்கள், கூட்டுகிற அம்மா, டிரைவர், எல்லாரும் இருந்தார்கள். என்னுடையதைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். "மத்தவங்களை நேர்ல வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. இந்தப் பெட்டி திரும்பி அங்க போகாது" என்றார்.

டிரைவர் தன்னுடையதை அங்கேயே வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு பக்கம் விடாமல் படித்தார். கண்ணாடி இல்லாமல்தான்.

பிப்ரவரி 25, புதன்

புதுப் பள்ளியில் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டேன். இவரிடம் சொன்னேன். இந்தத் தடவை குக்கரையோ வெங்காயத்தையோ சாக்குச் சொல்லவில்லை. அழுதார். நானும்தான்.

பிப்ரவரி 27, வெள்ளி

அடுத்த மேசைக்காரி இன்று வேலைக்கு வரவில்லை. காலையில் தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு மத்தியான விமானத்தில் அப்பாவைப் பார்க்கப் போய்விட்டாள். மேனேஜருக்கு விடுமுறைக் கடிதம் மட்டும் அனுப்பியிருக்கிறாள். என் மேசையில் அவள் நேற்றே வைத்துவிட்டுப் போன புதிய மார்க்கர் ஒன்று, உறைகூடப் பிரிக்காமல். மையத்தில் கொடுக்கிற மட்டரகம் இல்லை, கடையில் வாங்கியது.

டிரைவரை மேனேஜர் முறைத்துக்கொண்டே இருக்கிறார். வேன் ஓட்ட வேறு ஆள் கிடைக்காததால் முறைப்பதோடு சரி.

மார்ச் 20, வெள்ளி

கடைசி நாள். மாலை வகுப்பில் பன்னிரண்டாம் பாடத்தை விட்டுவிட்டுப் பதினோராம் பாடத்தைத் திரும்ப எடுத்தேன். என்னை இனி என்ன செய்துவிட முடியும்? பீரோ மேல் பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம்.

ஏப்ரல் 1, புதன்

புதுப் பள்ளியில் சேர்ந்தேன். அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். ஒரு ஓரத்தைப் பிடித்தபடியே நீட்டினேன். நகல் எடுத்துக்கொண்டு, நான் நின்ற இடத்திலேயே கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மே 24, ஞாயிறு

வந்துவிட்டார்கள்.

விமான நிலையத் தள்ளுவண்டியில் இருக்கிற பெட்டிகளைப் பார்த்தால் வீட்டுச் சுவரைத் தவிர எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. பாப்பா என்னைவிட உயரமாகிவிட்டாள். யாரும் சொல்லவே இல்லை. கட்டிக்கொண்டபோது என் முகம் அவள் தோளில் இடித்தது.

வெளியே வரும்போது இவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா, நீயே வச்சுக்க. உன்கிட்டதான் பத்திரமா இருக்கும்."

வாங்கினேன். அவருடையதை அவர் பையிலேயே திருப்பி வைத்தேன். பாப்பாவுடையதைப் பாப்பாவிடம் கொடுத்தேன்.

"அவகிட்டயா? தொலைச்சுடுவா."

"தொலைச்சா தேடுவா."

பாப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முதுகுப்பையின் உள்பக்க ஜிப்பைத் திறந்து அதை வைத்து மூடினாள். வீடு வந்து சேரும்வரை பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதும் பையோடுதான் உட்கார்ந்தாள்.