பச்சைப் புள்ளிக்குக் காவல்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் வீட்டுக்காரி, குட்டி மூவரும் சுகம். என் முழங்கால் வலி என்னைவிடச் சுகமாக இருக்கிறது, ஒரு நாள்கூட லீவு போடுவதில்லை. நீ கடல் தாண்டி அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தினம் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இதென்ன புதுசாய்க் கடிதம் என்பாய். வீடியோவில் பேசும்போது உன் மகள் குட்டி என் முதுகுக்குப் பின்னால் நின்று தோளைக் கிள்ளுகிறாள், சொல்ல வந்ததை விட்டுச் சமையல் கதைக்குப் போய்விடுகிறேன். என்னுடையது அஞ்சாம் வகுப்பு எழுத்து, தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

குட்டி வீட்டிலிருந்தபடியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஆஸ்பத்திரி பில் சரிபார்ப்பது உனக்குத் தெரியும். நாலு மாதமாக இன்னொரு வேலையும் பார்த்தது தெரியாது, உன் வீட்டுக்காரிக்கும் தெரியாது, அவள் காலையில் மருந்துக்கடைக்குப் போனால் மூன்று மணிக்குத்தானே வருகிறாள். காது கேட்காத பிள்ளைகள் படிக்கிற பாட வீடியோவுக்கு அடியில் எழுத்துப் போடுகிற வேலை அது, பார்த்தால் நீயே மெச்சுவாய். மற்ற நாளெல்லாம் சாயங்காலம்தான் செய்வாள், அதையும் கம்பெனி வேலை என்றே அவள் அம்மா நினைத்துக்கொண்டாள், புதன்கிழமை மட்டும் அவர்களுக்குக் காலை பத்தரைக்கு மீட்டிங். கம்பெனி லேப்டாப் ஹாலில் சாப்பாட்டு மேஜைமேல், இவளோ படுக்கையறையில் இஸ்திரிப் பலகைமேல் இன்னொரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாள். ஐந்து நிமிடம் தொடாமல் விட்டால் கம்பெனி லேப்டாப்பில் அவள் பேருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடுமாம், ஆள் சீட்டில் இல்லை என்று அர்த்தமாம். பாட்டி, நீங்க எதையும் அமுக்க வேண்டாம், இந்த மவுஸை மட்டும் அப்பப்ப ஆட்டிக்கிட்டே இருங்க என்றாள். நானும் ஒரு கையில் பீன்ஸ், ஒரு கையில் மவுஸ் என்று உட்கார்ந்திருப்பேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கும் ஓர் ஆபீஸ் வேலை கிடைத்த மாதிரி பெருமையாகவே இருந்தது, அது பொய்க்குக் காவல் இருப்பது என்று அப்போது தோன்றவில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை லேப்டாப்பில் மணி அடித்தது. அடித்தால் விட்டுவிடுங்கள் என்று சொல்லி வைத்திருந்தாள், விட்டேன். மறுபடி அடித்தது, விட்டேன். மூன்றாவது தடவையும் அடித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, இத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்காத பெண் என்று நம் பிள்ளையைப் பற்றி யாராவது நினைக்க விடலாமா. போன் படம் பச்சையாகத் துள்ளிக்கொண்டிருந்தது, அதை அமுக்கிவிட்டேன். அவளுடைய மேலதிகாரி அம்மா திரையில் வந்தார், அவரைச் சுற்றிக் கட்டம் கட்டமாக இன்னும் எட்டு முகம். எங்கே அவள் என்று கேட்டார். அடுத்த ரூம்ல இன்னொரு ஆபீஸ் மீட்டிங்ல இருக்காம்மா, இப்ப வந்துருவா, ரெண்டு வேலையையும் ஒருத்தியே பாக்குறா, அவ்வளவு கெட்டிக்காரி என்றேன். ஏதோ ஒரு கட்டத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அப்போதுதான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று புரிந்தது.

குட்டி என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இரண்டு லேப்டாப்பையும் மூடி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். உங்களுக்கு ஒரு பொய் சொல்லக்கூட வராதா பாட்டி என்றாள், அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். இதெல்லாம் எதற்கடி என்று கேட்டேன். அப்பா இந்தத் தடவை வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்துல மறுபடி கையெழுத்துப் போடக் கூடாது, வீட்டுக்கு வந்துரணும், அதுக்குத்தான் ரெண்டு சம்பளம் என்றாள். இதைத்தான் நான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாளாகத் தவித்தது.

மறுநாள் அந்த அம்மா கூப்பிட்டு விசாரித்தபோது குட்டி ஒன்றையும் மறைக்கவில்லை. நீ வேறு வேலை பார்த்தது எங்களுக்குப் போட்டியான இடத்தில் இல்லை, ஆனால் எங்கள் நேரத்தில் பார்த்தாய், எங்களைக் கேட்காமல் பார்த்தாய், அதுதான் தப்பு என்றாராம். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளிலேயே, எழுதிக் கேட்டு அனுமதி வாங்கலாம் என்று ஒரு வரி இருக்கிறதாம். இவள் அதைப் படிக்கவே இல்லை, கேட்டால் முடியாது என்பார்கள் என்று தானாகவே முடிவு கட்டிவிட்டாள். நடந்ததை ஒப்புக்கொண்டு எழுதிக் கேட்டாள். ஒன்பது நாள் பதில் இல்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தோம், பிள்ளை தட்டில் சோற்றைக் கிளறிவிட்டு எழுந்து போவாள். உன் வீட்டுக்காரி விஷயம் தெரிந்து இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கோபம் நியாயம்தான்.

பத்தாம் நாள் பதில் வந்தது. வேலை போகவில்லையப்பா. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், இந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு இல்லை. ஆனால் ஐந்து மணிக்கு மேலும் சனிக்கிழமையும் மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அந்த இன்னொரு இடத்திலும் போய்ச் சொன்னாள், அவர்கள், அடடா, முதல்லயே சொல்லியிருக்கலாமே என்று புதன்கிழமை மீட்டிங்கை ஆறு மணிக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வார்த்தைக்கு நாலு மாதம் பயந்திருக்கிறாள் பார். இப்போது பச்சைப் புள்ளி அவள் இருந்தால் பச்சை, எழுந்து போனால் மஞ்சள். நான் ரிட்டையர் ஆகிவிட்டேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். கட்டட வரைபடம் போடுகிற உன் வேலையில் முக்கால்வாசி கம்ப்யூட்டரில்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதை வீட்டிலிருந்து பார்க்கலாமா என்று உன் கம்பெனியில் ஒரு தடவையாவது கேட்டாயா? நீ கேட்டிருக்க மாட்டாய், உன் மகள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் எழுதிக் கேள். இல்லை என்றால் இல்லை என்று தெரிந்துகொள்வோம், ஆனால் அவர்கள் சொல்ல வேண்டியதை நீயே சொல்லிக்கொள்ளாதே.

உன்னிடம் சொல்லக் கூடாதென்று குட்டி சத்தியம் வாங்கியிருக்கிறாள். இந்த வீட்டில் ஒளித்துச் செய்தது போதும், இதை அவளிடம் படிக்கக் கொடுத்துவிட்டுத்தான் தபாலில் போடுவேன், கிள்ளினால் கிள்ளட்டும். உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணாடி போடாமல் வேலை செய்யாதே. நீ கால் வைக்கிற இடமெல்லாம் உனக்கு நல்லதாகவே அமைய வேண்டும், அதில் நம் வீட்டு வாசலும் ஒன்றாக இருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் நான் உட்கார்ந்து மவுஸ் ஆட்டிய பக்கம் இப்போது காலி, உன் லேப்டாப்புக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா