உபவாசமும் வெறும் வயிறும்

கசார்வாடி, புனே
ஆகஸ்ட் 2003

சபரிக்கு அம்மா எழுதறது. மஸ்கட்ல நீயும் கிருஷ்ணப்ரியாவும் ஒரு குறையுமில்லாம இருக்கணும். இங்க நாங்க நல்லா இருக்கோம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உங்கப்பா விட்டாத்தானே. போன மாசம் அவருக்கு ஓயாத தாகம், சாப்பிட்டா உக்காந்த இடத்துலயே தூக்கம். சாங்வியில நம்ம தமிழ் டாக்டர் லக்ஷ்மிநாராயணன்கிட்ட இழுத்துட்டுப் போனேன். பஸ்ல ஒருத்தி மடியில கோழி வெச்சுருந்தா, அது வழி முச்சூடும் உங்கப்பா சட்டைப் பொத்தானையே கொத்திட்டு வந்துச்சு, அது கிடக்கட்டும். ரத்தம் பாக்கணும்னாரு டாக்டர். ரத்தம் எடுக்கற பொண்ணு மராத்தியில, உபாஷி போட்டி வாங்கன்னா. வெறும் வயித்தோட வரணும்னு அர்த்தம். முப்பது வருசம் இந்த ஊர்ல லேத் ஓட்டின மனுசன், உபவாசம்னு புரிஞ்சுக்கிட்டாரு. மறுநாள் ஏகாதசி வேற. கீழ் வீட்டு ஷிண்டேயம்மா உபவாசத்துக்குன்னு ஜவ்வரிசிக் கிச்சடி கொண்டாந்தா. இது உபவாசச் சாப்பாடுதானேன்னு, நான் குளிக்கப் போன நேரத்துல ரெண்டு தட்டு தின்னுட்டுப் போய்க் கையை நீட்டிருக்காரு. சர்க்கரை இருநூத்தி அறுபது. ஊசி போடணுமோ என்னமோன்னு எனக்குச் சோறு எறங்கல. அப்புறம் டாக்டர் துருவிக் கேட்டப்பதான் கிச்சடி வெளிய வந்துச்சு. ஜவ்வரிசியும் உருளைக்கிழங்கும் தின்னா வெறும் வயிறாய்யான்னு அவருக்கு ஒரே சிரிப்பு. நெசமாவே ஒண்ணும் திங்காம மறுபடி எடுத்ததுல நூத்தி நாப்பத்தெட்டு. அதுவும் ஜாஸ்திதானாம், இப்போதைக்கு மாத்திரை போதுமாம்.

தின்னதெல்லாம் சர்க்கரையா ரத்தத்துல வருமாம், இன்சுலின்னு ஒண்ணு சுரந்து, இந்தா உள்ள வாங்கிக்கோன்னு உடம்பைக் கூப்பிடுமாம். உங்கப்பா உடம்பு அதைக் காதுல வாங்கறதில்லையாம். இன்சுலின் இல்லாம இல்ல, இருக்கறது கத்திக் கத்திக் கூப்பிடுது, ஒரு நாள் அதுவும் ஓஞ்சு போயிடும்னாரு. எனக்கு உடனே புரிஞ்சுது. சாப்பிட வாங்கன்னு பத்து தடவை கூப்பிட்டாலும் கிரிக்கெட்டை விட்டு எந்திரிக்காத மனுசனோட உடம்பு வேற எப்படி இருக்கும். நடந்தா, தொப்பை கொறஞ்சா, கேக்க ஆரம்பிக்குமாம். இவரும் தெனம் நடக்கறாரு, ஹைவே ஓரத்து வடாபாவ் கடை வரைக்கும்.

இப்ப உன் சேதி. டாக்டர் உங்கப்பா கழுத்தைத் திருப்பிப் பாத்தாரு. பின்னாடி கறுப்பா ஒரு பட்டை. அழுக்குன்னு நெனச்சு பதினஞ்சு வருசமா பீர்க்கன் நாரு போட்டுத் தேச்சேன். அழுக்கில்லம்மா, உடம்பு இன்சுலின் பேச்சைக் கேக்காட்டி இப்படியும் காட்டும்னாரு. வீட்டுக்கு வந்து நீ அனுப்பின போட்டோவை எடுத்துப் பாத்தேன். திரும்பி நிக்கற உன் கழுத்துலயும் அதே பட்டை. புருசனைத் தேச்சுக் குளிக்கச் சொல்லுன்னு கிருஷ்ணப்ரியாவுக்கு எழுதினேனே, அவ என்ன நெனச்சாளோ, மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லு. முப்பத்திரண்டு வயசுல எனக்கென்னம்மான்னு போன்ல சிரிக்காதே, உங்கப்பாவும் அப்படித்தான் சிரிச்சாரு.

நீங்க ரெண்டு பேரும் நூறு வருசம் நல்லா இருக்கணும். இந்த வாரமே போய் ரத்தம் குடு. வெறும் வயித்தோட போ. வெறும் வயிறுன்னா வெறும் வயிறு, உபவாசமில்ல.

கழுத்தைத் தேச்சே கை ஓஞ்சு போன
உன் அம்மா சரசா