தொடை எலும்பில் இரண்டு துளைகள்

மார்ச் 4
பல வருஷங்களுக்கு முன் ஒரு மாணவி கேட்டாள்: "சார், படம் சரியா வரைஞ்சிருக்கேன், விடை மட்டும் தப்பு. எத்தனை மார்க்?" பாதி போட்டேன். எலும்பு டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தபோது அது ஏனோ நினைவுக்கு வந்தது.

மனைவியின் இடது முழங்காலையும் மாற்ற வேண்டும். வலது முழங்காலை நாலு வருஷம் முன்பு இதே டாக்டர் பழைய முறையில் மாற்றினார். எக்ஸ்ரேயில் காலின் நேர்கோடு நாலு டிகிரி விலகியிருக்கிறது. பாகைமானி வைத்து அளந்திருக்கிறேன். அவளோ அந்தக் காலை ஊன்றித்தான் மாடி ஏறுகிறாள்.

இப்போது கம்ப்யூட்டர் உதவியோடும் செய்யலாமாம். தொடை எலும்பில் இரண்டு ஆணி, கீழ்க்கால் எலும்பில் இரண்டு. அவற்றில் மாட்டிய குமிழ்களைக் கேமரா பார்த்துக் கோணம் சொல்லும். முடிந்ததும் ஆணிகளை எடுத்துவிடுவார்கள்.

"கோடு நேரா வரும் சார். அதனால நடை இன்னும் நல்லா வரும்னு சொல்ல மாட்டேன். வருஷக்கணக்குல பாத்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல" என்றார் டாக்டர்.

"போன தடவை மாதிரியே செஞ்சுடுங்க" என்றாள் அவள். நான் விடவில்லை. கண்மதிப்பில் வரைவதற்கும் கருவி வைத்து வரைவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன்.

வெளியே வந்ததும், "என் கால் என்ன உங்க ஜியோமெட்ரி பாக்ஸா?" என்றாள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

மார்ச் 19
ஆபரேஷன் முடிந்தது. விலகல் அரை டிகிரி. அரை!

ஏப்ரல் 6
கால அட்டவணை எழுதி பீரோ கதவில் ஒட்டினேன். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போய்வந்தால் ஒரு சுற்று. பிசியோதெரபி செய்யும் பெண் சொன்னது ஆறு சுற்று, நான் பத்தாக்கினேன். வீட்டுப்பாடம் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்துப் பழகிய கை. முழங்கால் நூறு டிகிரி மடங்குகிறது. போன தடவை இதே சமயத்தில் எண்பத்தைந்துதான்.

மகள் போனில் சிரித்தாள்: "அம்மாவை முதல் ரேங்க் வாங்க வைக்காம விடமாட்டீங்க போலிருக்கேப்பா."

ஏப்ரல் 14
"தொடையில என்னமோ குடையுதுங்க."
"முட்டியிலயா?"
"முட்டி நல்லாத்தான் இருக்கு. தொடையில."
சதைப்பிடிப்பு என்றேன். சைக்கிளில் புதுப் பல்சக்கரம் போட்டால் பழைய சங்கிலி நாலு நாள் முனகத்தான் செய்யும் என்று உதாரணமும் சொன்னேன்.
"அப்போ எண்ணெய் போடுங்க" என்றாள். தைலம் தடவினேன்.

ஏப்ரல் 17
ஏழாவது சுற்றில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் மூணுதான்" என்றேன். நடந்தாள்.

ஏப்ரல் 18
ஒன்பதாவது சுற்று. கால் தடுக்கவில்லை, வழுக்கவில்லை. காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி முதலில் சத்தம்தான் கேட்டது. அப்புறம்தான் விழுந்தாள். நான் எங்கே இருந்தேன்? ரெண்டடி தள்ளி, கையில பென்சிலோட. எண்ணிக்கிட்டு நின்னேன். எண்ணிக்கிட்டு—

ஏப்ரல் 19
தொடை எலும்பு, ஆணி எடுத்த துளை வழியாகவே முறிந்திருக்கிறது. இனி நீளமாக ஒரு தகடு வைத்து இணைக்க வேண்டும்.

"இந்த மாதிரி முறிவு அபூர்வமாத்தான் வரும். வந்தா, சில நாள் முன்னாடியே அந்த இடத்துல வலி காட்டும்" என்ற டாக்டர் அவளைப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியலையாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "இல்ல டாக்டர். எனக்கு ஒண்ணும் தெரியல."



ஏப்ரல் 21
தகடு வைத்தாயிற்று. புது முழங்கால் அசையவே இல்லையாம், வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறதாம். அதையும் நான்தான் கேட்டேன். என்ன புத்தி இது.

மே 30
ஊன்றக் கூடாது, இன்னும் ஆறு வாரம். அட்டவணையைக் கிழித்தேன். பசை காய்ந்த தடம் கதவில் போகவில்லை.

ஜூன் 12
டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். வலிக்கிறது என்று அவள் சொன்னதை, நான் நடக்க வைத்ததை. தலையசைத்து எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அவள், "எதுக்கு உங்களை நீங்களே காட்டிக் கொடுக்கறீங்க? அதனால எலும்பு ஒட்டிடவா போகுது?" என்றாள்.

ஜூலை 3
வீட்டுக்கு வந்து காலைப் பார்க்கும் நர்ஸ் போர்வையை விலக்கி என்னைக் கூப்பிட்டாள். இடது குதிகாலில் புண். படுத்தே கிடந்ததில் அழுந்தி, கறுத்து, உள்ளே குழி விழுந்திருக்கிறது.

"எத்தனை நாளாம்மா வலிக்குது?" என்றாள் நர்ஸ்.
"பத்து நாளிருக்கும்."
"சொல்லலாம்ல?"

அவள் நர்ஸைத்தான் பார்த்தாள். "சொன்னா சார் உதாரணம் சொல்வார்மா." கோபமே இல்லை. நர்ஸ் சிரித்துவிட்டாள்.

பத்து நாளும் காலையில் நான்தான் கேட்டேன், வலிக்கிறதா என்று. பத்து நாளும் 'இல்லீங்க' என்றாள். அதை நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறேன்.

ஜூலை 4
வலிக்கிறதா என்று கேட்காதே. எங்கே என்று கேள். அவள் காட்டும் இடத்தில் உன் கையை வை. அவள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே.